ஊமைப் படம்

சென்ற பெரும்போக அறுவடை முடிந்து, நெல் விற்ற கணக்கும் கடன் அடைத்த கணக்கும் ஒருவாறு ஒப்பேறிய ஒரு மாலைப்பொழுது. மஃரிப் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டு முன்கூடத்தில் பாய் விரிக்கப்பட்டது. உம்மா சுவரில் சாய்ந்து அமர்ந்தார். ராத்தா தம் பிள்ளைகள் மூவருடன் வந்திருந்தார். டோஹாவில் கட்டட வேலை செய்யும் என் தம்பி மூன்று ஆண்டுகளுக்கு முன் தன் சம்பளத்தில் வாங்கித் தந்த தொலைக்காட்சிப் பெட்டி எதிர்ச் சுவரில் தொங்கியது. அதன் பக்கவாட்டிலுள்ள சிறு துளையில், அதே தம்பி ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பென்ட்ரைவ் ஒன்றைச் செருகினேன்.

அதில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. 2005ஆம் ஆண்டு தோப்பூரில் நடந்த ராத்தாவின் கலியாண வீடியோ.

படம் தெளிவாகவே ஓடியது. பந்தல் தெரிந்தது, வாழைமரம் தெரிந்தது, இன்று பல் விழுந்துபோன பெரியவர்கள் கறுத்த மீசையுடன் சிரித்தார்கள். ஒலி மட்டும் இல்லை. தொடக்கத்தில் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. முகங்களை அடையாளம் காண்பதிலேயே எல்லோருக்கும் போட்டி. பதினோராவது நிமிடத்தில் வாப்பா வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. படம் பிடிப்பவரை நோக்கிக் கையை உயர்த்தி ஏதோ சொன்னார். சொன்னது கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். இந்த ஒலி வகையை இக்கருவி ஏற்பதில்லை என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி திரையின் அடியில் தோன்றி மறைந்தது.

"வாப்பாட வாய் அசையுது, சத்தத்தக் காணல்லயே மகன்" என்றார் உம்மா.

நான் பேசாதிருந்தேன். சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "அவங்கட முகம் எனக்கு ஞாபகம் இரிக்கி. சத்தம் மறந்து போச்சு."

தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது 1931ஆம் ஆண்டு, 'காளிதாஸ்' வெளிவந்தபோது. அதற்குப் பின் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. எங்கள் வீட்டுச் சுவரில் மாத்திரம் அன்று ஊமைப்படம் ஓடியது.

வாப்பா 2011ஆம் ஆண்டு மாரடைப்பால் இறந்தார். அல்லைக் குடியேற்றத் திட்டத்து வயல்களில் குத்தகைக்கு நெல் செய்தவர். படம் எடுத்துக்கொள்வதில் விருப்பமில்லாதவர். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைத் தவிர அவர் கமராவின் முன் நின்றது அந்தக் கலியாணத்தில்தான். அந்த வீடியோ எங்கள் கையில் மிஞ்சியதும் ஒரு தற்செயலே. சுனாமி அடித்த மறு ஆண்டு கலியாணம். அதற்கடுத்த ஆண்டு, 2006 ஜூலையில், மாவிலாற்று மடை பூட்டப்பட்டது. ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் போர் மூதூருக்குள் வந்தது. எங்கள் பகுதி மக்கள் உடுத்த உடையோடு கந்தளாயை நோக்கி நடந்தார்கள். ராத்தாவின் ஒரு கையில் கைக்குழந்தை. மறு கையில் குழந்தையின் துணிப் பை. அந்தத் துணிகளுக்கிடையே இரண்டு வீ.ஸீ.டி. தட்டுகள் இருந்தன. அவர் நினைத்து எடுத்தாரா, கைக்கு அகப்பட்டு வந்ததா என்பது இன்றும் அவருக்கே தெரியாது. செப்டெம்பரில் திரும்பி வந்தபோது புகைப்பட அல்பங்கள் இருந்த அலுமாரியையே காணவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிப் புத்தகங்கள் போனதற்காக அழுத நினைவு இருக்கிறது. அல்பங்களுக்காக அழுத நினைவு இல்லை. போனவற்றுள் எதை மீண்டும் வாங்க முடியும், எதை முடியாது என்று அந்த வயதில் யாருக்குத் தெரிகிறது!

பின்னர் தட்டை ஓட்டும் கருவி பழுதுபட்டது. தட்டுகள் கீறல் விழுந்து, அரிசிப் பானைக்கருகே ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்த தம்பி அவற்றைத் தன்னுடன் டோஹாவுக்குக் கொண்டுபோனான். அங்கே அவனோடு அறையில் தங்கும் ஒரு நண்பர், வேலை முடிந்த இரவுகளில் இருந்து, தட்டுகளைப் படித்துக் கோப்பாக்கித் தந்தார். அந்த உழைப்பின் விளைவுதான் சுவரில் ஓடிய ஊமைப்படம்.

கடைத்தெருவில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் திருத்தித் தருவார்கள் என்று மச்சான் சொன்னார். ராத்தா மறுத்துவிட்டார். அந்த வீடியோவில் எங்கள் வீட்டுப் பெண்களும் அயல் வீட்டுப் பெண்களும் தலை மறைக்காது, அடுக்களையிலும் மணவறையிலும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காரர் கணினியில் ஒரு பிரதி தங்கிவிட்டால் அது எந்த ஊரின் எந்தக் கையடக்கத் தொலைபேசியில் போய் நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? யூரியூப்பில் ஏற்றி அங்கிருந்து பார்க்கலாம் என்று மருமகன் ஒருவன் யோசனை சொன்னான். உம்மா பார்த்த பார்வையில் அவன் வாய் மூடிக்கொண்டான். எல்லாவற்றையும் வான்வழியே வரவழைத்துப் பார்க்கும் காலம் இது என்கிறார்கள். இருக்கலாம். ஆயினும் வீட்டுக்குள்ளேயே வைத்து, வீட்டாருடனேயே இருந்து பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றுக்குப் பென்ட்ரைவும் சுவரிலுள்ள பெட்டியுமே வழி. அந்தப் பெட்டியோ பேச மறுக்கிறது.

நான் பேராதனையில் தமிழ் படித்தவன். கணினி என் துறையன்று. ஆயினும் இந்தச் சிக்கல் எனக்கு விளங்கியது நான் கற்ற தமிழின் வழியாகவேதான். ஓர் ஏட்டுச்சுவடியை எண்ணிப் பாருங்கள். மேலும் கீழும் இரு சட்டங்கள், துளை வழியே ஒரு கயிறு, உள்ளே ஏடுகள். கட்டை அவிழ்க்கத் தெரிந்தவன் எல்லாம் ஏட்டைப் படித்துவிட முடியாது. பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. எகரத்தையும் ஏகாரத்தையும் வேறுபடுத்தி எழுதியிராது. அந்த எழுத்துமுறை பழகியவனே படிப்பான். வீடியோக் கோப்பும் அத்தகையதே. எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருபவை கட்டும் கயிறும் மாத்திரமே. அதற்குள்ளே படம் ஓர் எழுத்துமுறையிலும் ஒலி வேறோர் எழுத்துமுறையிலும் எழுதப்பட்டிருக்கும். எங்கள் பெட்டிக்குக் கட்டை அவிழ்க்கத் தெரிந்தது. பட ஏட்டைப் படிக்கத் தெரிந்தது. ஒலி ஏட்டின் எழுத்துத்தான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? இங்கேதான் அரசியல் வருகிறது. டோஹா நண்பர், எங்களுக்குச் சிறந்ததையே தர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், ஒலிக்கு டீ.ரீ.எஸ். என்ற முறையைத் தெரிந்தெடுத்திருந்தார். 1993ஆம் ஆண்டு 'ஜுராசிக் பார்க்' என்னும் அமெரிக்கப் படத்துடன் திரையரங்குகளுக்கு வந்த முறை அது. இராட்சதப் பல்லிகளின் உறுமலைக் கூரை அதிரக் கேட்பிக்க உண்டானது. தோப்பூர் உழவர் ஒருவரின் நான்கு சொற்களைச் சுமக்க வேண்டியதாயிற்று. அம்முறை தனியார் உடைமை. அதைப் படிக்கும் ஆற்றலைப் பெட்டியில் வைக்க விரும்பும் உற்பத்தியாளர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அண்மைக் காலத்தில் உற்பத்தியாளர் சிலர் அந்தச் செலவு வேண்டாமென்று அதைத் தம் பெட்டிகளிலிருந்து விலக்கிவிட்டனர். படத்துக்கும் இதே கதைதான். 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 ஆகிய முறைகளின் மேல் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் அடுக்கடுக்காய் நிற்கின்றன. உலகெங்கும் பாட்டுக் கேட்கப் பயன்பட்ட எம்.பி.3 முறைக்கே 2017ஆம் ஆண்டில்தான் உரிமம் வழங்கும் வழக்கம் முடிவுக்கு வந்தது.

ஐம்பது பாகை வெயிலில் கம்பி கட்டியவனுடைய சம்பளத்தில் வாங்கிய பெட்டி. அது எதைப் படிக்கும், எதைப் படிக்காது என்பதை வாங்கியவன் தீர்மானிக்கவில்லை. அவனுக்கு எவரும் சொல்லவும் இல்லை. பெட்டி எத்தனை அங்குலம் என்று கேட்டு வாங்கினோமேயன்றி, அது எத்தனை எழுத்துப் படிக்கும் என்று நாங்களும் கேட்கவில்லை. பொருள் நம்முடையதாகிறது, அப்பொருளின் அறிவு நம்முடையதாவதில்லை. நமது காலத்து உடைமையின் இயல்பு இது.

நிற்க. இந்தச் சிக்கலை அவிழ்த்தவன் நான் அல்லன். என் மாணவன் ஒருவன்.

உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படித்த பதினெட்டு வயதுப் பையன். தந்தை கூலிக்குப் போகிறவர். என் வகுப்பில் அவன் தூங்கி விழுவான். கட்டுரைப் பயிற்சியைக் குறித்த நாளில் ஒருபோதும் தந்ததில்லை. "உருப்பட மாட்டாய்" என்று பலர் முன்னிலையில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இரவு பதினொரு மணி வரை கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் அவன் வேலை செய்வது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. சக ஆசிரியர் ஒருவர்தான், "அவனைக் கேட்டுப் பாருங்கள்" என்றார். கேட்டேன். வெட்கத்தோடுதான் கேட்டேன், வீட்டுப் பெண்கள் பற்றிய தயக்கத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. "படத்தத் திறக்கவே தேவல்ல ஸேர். படம் அப்பிடியே இரிக்கட்டும். சத்தத்த மட்டும் மாத்தலாம். நீங்களே செய்யலாம்" என்றான். பிறகு கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஒரே ஒரு வரி எழுதித் தந்தான். படத்தைத் தொடாமல் பிரதி செய், ஒலியை மட்டும் எல்லாப் பெட்டிகளும் அறிந்த முறையில் திரும்ப எழுது என்பதே அந்த வரியின் பொருள். எஃப்.எஃப்.எம்பெக் என்ற கருவிக்கு இடும் கட்டளை அது. 2000ஆம் ஆண்டில் ஃபப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கி, பின்னர் உலகெங்குமுள்ள பலர் கூடி வளர்த்தது. விலை இல்லை, அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். மடிக்கணினியில் வீடியோ பார்க்க நாம் பயன்படுத்தும் வீ.எல்.ஸீ.யும் அவ்வாறே பிறந்தது. 1996ஆம் ஆண்டு பாரிஸுக்கு அருகே 'எக்கோல் சென்ட்ரால்' என்ற பொறியியற் கல்லூரியின் மாணவர்கள், தம் விடுதி வலையமைப்பில் படம் பார்ப்பதற்கென்று தொடங்கிய வேலை அது. 2001இல் அதை மக்கள் யாவர்க்கும் பொதுவாக்கினார்கள். கட்டணமும் விளம்பரமும் இன்றி இன்றுவரை நடக்கிறது. கூட்டுழைப்பு என்பது மேடைச் சொல் என்று நகைப்போருக்கு இதைக் காட்டலாம்.

"இதையெல்லாம் எங்கே பழகினாய்?" என்று கேட்டேன்.

அவன் சொன்ன பதிலை இந்தக் கட்டுரையில் எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை எண்ணினேன். எழுதத்தான் வேண்டும்.

"கொரோனாக் காலத்தில எட்டாம் ஆண்டுக்கு நீங்க பாடம் எடுத்துப் பென்ட்ரைவில தந்தீங்களே ஸேர். அது எங்கட ரீவியில ஓடல்ல. அத ஓட வைக்கப் போய்த்தான் பழகினன்."

2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டன. வாட்ஸ்அப் வழியே பாடம் அனுப்பச் சொன்னார்கள். கைத்தொலைபேசி இல்லாத வீடுகளுக்கு என்ன செய்வது என்று யோசித்து, என் பாடங்களை நானே படம் பிடித்து, பென்ட்ரைவ்களில் ஏற்றி வீடு வீடாகக் கொடுத்தேன். தொலைக்காட்சி இருக்கும் வீட்டில் செருகிப் பார்த்தால் போதும் என்றேன். அந்த முயற்சிக்காக எனக்குப் பாராட்டும் கிடைத்தது. எல்லா மாணவருக்கும் பாடம் சென்றடைந்தது என்று பதிவேட்டில் நானே எழுதிக் கையொப்பமிட்டேன். செருகிய இடத்தில் ஓடியதா என்று ஒரு வீட்டிலேனும் நான் கேட்கவில்லை. நான் பென்ட்ரைவைத் தயாரித்திருந்த முறையைச் சில பழைய பெட்டிகள் அறியவே அறியா. அவற்றில் செருகினால் வெறும் திரைதான் வரும். எத்தனை வீடுகளில் வெறும் திரை வந்ததோ! ஒரு பையன் மாத்திரம் அதை விடாமல் பிடித்து, அயல் வீட்டுக் கணினிக்குக் கொண்டுபோய், ஏன் என்று தேடி, ஒரு கைத்தொழிலையே கற்றுக்கொண்டான். மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். நான் கொடுத்தேன்; அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஐந்து ஆண்டுகளாக அந்த வேறுபாட்டை அறியாமலே நான் நல்லாசிரியனாக இருந்திருக்கிறேன்.

அன்றிரவு சக ஆசிரியரின் மடிக்கணினியை இரவல் வாங்கி வந்தேன். முதலில் பென்ட்ரைவில் இருந்த பழைய கோப்பையே வீ.எல்.ஸீ.யில் திறந்தேன். பந்தலின் இரைச்சல் உடனே கேட்டது. ஒலி தொலைந்து போகவில்லை. சுவரிலிருந்த பெட்டிக்குத்தான் அதன் மொழி தெரியாது. வாப்பா வரும் இடத்துக்கு முன்னரே நிறுத்திவிட்டேன். முதலில் கேட்க வேண்டியவர் நான் அல்லவே. தாளிலிருந்த வரியைத் தட்டினேன். மூன்று நான்கு நிமிடங்களில் வேலை முடிந்தது.

மறுநாள் மஃரிபுக்குப் பின் மீண்டும் பாய் விரித்தோம். பதினோராவது நிமிடம் வந்தது. வாப்பா கையை உயர்த்தினார்.

"என்ன எடுக்காதீங்க தம்பி. வேல செய்யிற ஆக்கள எடுங்க."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எவரும் பேசவில்லை. ஆனால் படம் நிற்கவில்லை. படம் பிடித்தவர் வாப்பாவின் சொல்லுக்குப் பணிந்து கமராவைத் திருப்பினார். முதல் நாள் இந்த இடத்தைப் பார்த்தபோது, கமராக்காரர் ஏதோ கைதவறித் திரும்பிவிட்டார் என்றே எண்ணினோம். இப்போதுதான் காரணம் தெரிந்தது. கிடாரங்களைக் கிண்டுகிறவர்கள் வந்தார்கள். விறகு பிளக்கும் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, சைக்கிளின் பின்புறத்திலிருந்து எருமைத் தயிர்ச் சட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கும் ஒரு மனிதர். திரைக்கு வெளியேயிருந்து வாப்பாவின் குரல் மீண்டும் கேட்டது: "அண்ணன், நீங்களும் சாப்பிட்டுத்தான் போகோணும்." அந்த மனிதர் சட்டியோடு திரும்பிச் சிரித்தார். அவ்வளவுதான். பதினான்கு வினாடிகள்.

"அது தயிர்க்கார அண்ணன்" என்றார் உம்மா.

ஈச்சிலம்பற்றுப் பக்கத்துத் தமிழ்க் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். எருமை வளர்த்தவர். வாப்பாவுக்கும் அவருக்கும் பல ஆண்டுக் கொடுக்கல் வாங்கல். 2006இல் நாங்கள் கந்தளாய்க்கு நடந்தோம். அவர்கள் வாகரைக்கு ஓடினார்கள். நாங்கள் ஒரு மாதத்தில் திரும்பினோம். அவர்களோ வாகரையிலிருந்தும் பெயர்ந்து, 2007 ஜனவரியில் மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர் சேரவில்லை, வாகரையிலேயே இறந்துபோனார். அப்போது இரண்டு வயதாயிருந்த அவருடைய மகன்தான் இப்போது எங்கள் சந்தைக்குத் தயிர் கொண்டுவருகிறான். உம்மா அவனை வீட்டுக்கு அழைத்துவரச் செய்து விசாரித்தார். அவர்களிடம் தகப்பனாரின் படம் ஒன்றேனும் இல்லை. அடையாள அட்டையும் ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. தகப்பன் எப்படியிருப்பார் என்று அவனுக்குத் தெரியாது.

உம்மா ராத்தாவைப் பார்த்தார். ராத்தா, "அந்தத் துண்ட மட்டும் வெட்டிக் குடு தம்பி" என்றார். தம் முகமும் தோழியர் முகமும் எவர் கைக்கும் போகக்கூடாது என்று காத்தவர்தாம் அப்படிச் சொன்னார். எதைக் கொடுப்பது, எதைக் காப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடமே இருந்தது. கோப்பு எங்கள் வீட்டில், எங்கள் கையில் இருந்ததால்தான் அந்த உரிமையும் இருந்தது.

பதினான்கு வினாடிகளை வெட்டியெடுத்தேன். ஆனால் அவர்கள் வீட்டிலிருந்தது பழைய குழாய்த் தொலைக்காட்சி. அதோடு சேர்ந்த ஒரு டி.வி.டி. கருவி, அதன் முகப்பில் யூ.எஸ்.பி. துளை ஒன்று உண்டு. எங்கள் வீட்டுப் பெட்டியில் ஓடிய முறையை அந்தக் கருவி அறியாது. மாணவனிடம் போனேன். அந்தக் கருவி படிக்கக்கூடிய பழைய முறையில், ஏ.வி.ஐ. கட்டில், அவன் அதைத் திரும்ப எழுதித் தந்தான். எழைகளின் வீடுகளில் பழைய கருவிகள்தாம் இருக்கும். ஆகவே பழைய எழுத்தையும் மறக்காதவனே ஏழைகளுக்குப் பயன்படுவான். இதை அவன் வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினான்.

ஒரு சனிக்கிழமை காலை இருவரும் மோட்டார் சைக்கிளில் வெருகல் வீதியால் அந்தக் கிராமத்துக்குப் போனோம். தயிர்க்கார அண்ணனின் மனைவி வாசலில் நின்று வரவேற்றார். மின்சாரம் இருந்தது. படம் ஓடியது. முதல் தடவை அவர் அழவில்லை. "சட்டிய அப்பிடித்தான் ஒருச்சாய்ச்சுப் பிடிப்பார்" என்று மாத்திரம் சொன்னார். மகன் மீண்டும் போடச் சொன்னான். பிறகும் போடச் சொன்னான். ஐந்தாம் முறைக்குப் பின் தாயைத் திரும்பிப் பார்த்து, "அப்பா என்னய விடக் கட்டையா அம்மா?" என்று கேட்டான். அப்போதுதான் அந்த அம்மாள் அழுதார்.

திரும்பும் வழியில் என் நெஞ்சை ஒரு கேள்வி அறுத்துக்கொண்டே வந்தது. எங்கள் கொட்டியாரக் குடாக் கரை வரலாற்றில் இடம்பெறாத கரையன்று. 1660ஆம் ஆண்டு இந்தக் கரையில் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், பத்தொன்பது ஆண்டுகள் கண்டிராச்சியத்தில் இருந்து தப்பிப் போய், 1681இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். கரைக்கு வந்த வெளியாரின் சொல் மூன்றரை நூற்றாண்டாக அச்சில் நிற்கிறது. அதே கரையில் உழுதவனும் எருமை மேய்த்தவனும் சொன்ன சொல் எங்கே? எங்கள் மூதூர் ஈன்ற ஆசிரியர் வ. அ. இராசரத்தினம் 'தோணி' முதலிய கதைகளில் அவர்களை எழுதினார். அவர் போன்றோர் எத்தனை பேர்? எழுதப்படாதவர்களுடைய குரல் இன்று வீட்டுத் தகரப் பெட்டிகளிலும் பழைய தட்டுகளிலும் பென்ட்ரைவ்களிலும் கிடக்கிறது. அது நிலையானதென்று நம்பி நாம் வாளாவிருக்கிறோம். தட்டின் சாயப் படலம் காலப்போக்கில் மங்குகிறது. பென்ட்ரைவ் என்பது மின்னேற்றத்தை அடைத்து வைத்த சிமிழ். ஆண்டுகள் செல்லச் செல்ல அது கசிகிறது. ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிய கைகள் இருந்ததனாலேயே சங்கச் செய்யுள் நம்மிடம் வந்தது. 1887ஆம் ஆண்டு ஒன்றிலேயே நம் தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் சாமிநாதையர் சிந்தாமணியையும் அச்சேற்றினார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளே மீளாமற் போயின.

ஆகவே என்னைப் போன்ற ஆசிரியர்களிடமும் மாணவ நண்பர்களிடமும் நான் கேட்பது சிறிய காரியந்தான். உங்கள் ஊரில் ஒரு மடிக்கணினி இருக்கும். தூங்கி விழும் ஒரு மாணவனும் இருப்பான். கலியாண வீடியோக்களையும், வெளிநாட்டிலிருந்து வந்த குரல்களையும், பாட்டிமாரின் கதைகளையும் சேர்த்து, படத்தை எச்.264இலும் ஒலியை ஏ.ஏ.ஸீ.யிலும் எம்.பி.4 கட்டில் எழுதி வையுங்கள். இன்று விற்பனையிலுள்ள பெட்டிகளிற் பெரும்பாலானவை அதைப் படிக்கும். பழைய பெட்டிகளுக்கென்று, ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேற்படாமல், பென்ட்ரைவை ஃபட்32 முறையில் தயாரியுங்கள். மூன்று பிரதிகள் எடுத்து மூன்று வீடுகளில் வையுங்கள். சில ஆண்டுகளுக்கொருமுறை புதிதாய்ப் பெயர்த்தெழுதுங்கள். எவர் முகம் இருக்கிறதோ அவரிடம் கேளாமல் எதையும் வெளியே கொடுக்காதீர்கள். கொடுத்த பின், ஓடியதா என்று வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பாடசாலையில் சனிக்கிழமைகளில் இதைத் தொடங்கியிருக்கிறோம். முதல் நான்கு வாரமும் கற்பித்தவன் அந்த மாணவனே. நான் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தேன். ஐந்தாம் வாரம் அவன் வரவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதியாகிவிட்டது. பெறுபேறு வருமுன் கடவுச்சீட்டு வந்துவிட்டது என்றார்கள். அவன் வீட்டுக்குப் போனேன். பெறுபேறு வரும் வரையேனும் பொறு என்றேன். தங்கை ஒருத்தி இருக்கிறாள், கூரை ஒழுகுகிறது என்றான். அவனை நிறுத்தி வைக்க என்னிடம் ஒரு வாதமும் இல்லை. அந்த வாதத்தை உண்டாக்கும் வேலை இந்த நாட்டில் இன்னும் செய்யப்படவில்லை.

விடைபெறும்போது, "உம்மாட சத்தத்த எடுத்து வச்சிக்க" என்று அவனிடம் சொன்னேன். "எடுத்துட்டன் ஸேர். மூணு இடத்தில இரிக்கி" என்றான்.